மலைக்குப் போனவர்கள் பங்கு

தை 10, வியாழன்

உறைபனி. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் உறுமல்தான் வந்தது. விறகடுப்பில் வெந்நீர் வைத்துக் குழாயின் மேல் ஊற்றி இளக்கினேன். பூண்டுப் பாத்தியெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. வெயில் படுவதற்குள் தண்ணீர் தெளித்தால்தான் பயிர் கருகாது என்று இவர் இருட்டோடு எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் வள்ளிமயில் வந்து இறங்கினாள். சித்திரை வரை இங்கேதான் இருப்பாள். பெங்களூரில் ஆராய்ச்சி படிக்கிறாள். சோலைக்குள் இருக்கிற குருவிகளில் எதற்கு எது சொந்தம் என்பதுதான் படிப்பு. யாராவது கேட்டால் நான் அப்படித்தான் சொல்கிறேன். இவரைக் கேட்டால் "குருவி பிடிக்கிறா" என்று முடித்துவிடுவார்.

அவளுடைய வலை, மூங்கில் கழி, பெட்டி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றி வந்தது கதிரேசன், செங்கோடன் மூத்தாருடைய மகன். சின்ன வயதிலேயே ஒட்டன்சத்திரத்துத் தாய்மாமன் வீட்டுக்குப் படிக்கப் போனவன், போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் தோட்டம் பார்க்கத் திரும்பி வந்தான். தேநீர் கொடுத்தேன். குடித்த கிளாஸை அவனே கழுவிக் கவிழ்த்தான். நல்ல வளர்ப்பு.

வீட்டுக் கணக்கு எழுதி முடித்ததும் கடைசியில் 'வரவு' என்று ஒரு வரி எழுதுவது என் வழக்கம். காசு இல்லை, முருகன் அன்றைக்குக் கொடுத்தது. இன்றைய வரவு: மகள் வீட்டில்.

தை 13, ஞாயிறு

மயிலுவுக்குச் சாப்பாடு கொண்டு போகிற சாக்கில் வலையைப் பார்த்துவிட்டு வந்தேன். கொசுவலையைவிட மெல்லிசு, கருப்பு. சோலை நிழலில் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதில் ஒரு நீலக் குருவி தொட்டிலில் போட்ட பிள்ளைபோலக் கிடந்தது. வயிறு வெள்ளை. உடம்புக்குப் பொருந்தாத நெட்டைக் கால். விடியற்காலையில் நம் கொல்லைப் புதருக்குள் விசில் அடிக்கிறதே, அதுதான். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து குரலைக் கேட்கிறேன். முகத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

மயிலு அதை உள்ளங்கையில் மல்லாத்தி, இறக்கைக்கு அடியில் ஊசி முனையால் தொட்டு ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். காலில் ஒரு வளையம் மாட்டினாள். கால் நீளம், இறக்கை நீளம், எடை என்று அவள் சொல்லச் சொல்லக் கதிரேசன் எழுதினான். ஒருமுறை அவள் வாய் திறக்கும் முன்பே எழுதிவிட்டான். பிறகு குருவியை என் கையில் கொடுத்து விடச் சொன்னாள். கையைத் திறந்த பிறகும் அது கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனது. நெஞ்சுத் துடிப்பு இப்போதும் விரலில் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மயிலு படித்து முடித்த பாடப் புத்தகங்களை ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு அடுத்து நான் படித்தேன். அதனால் அவளிடம் கேள்வி கேட்கக் கூச்சமில்லை. அவள் சொன்னதை மறக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் குருவியை முதலில் பார்த்து எழுதிய வெள்ளைக்காரர்கள், இமயமலையில் இதேபோல் குட்டை இறக்கையும் நெட்டைக் காலுமாகத் தரையில் ஓடுகிற குருவிகளோடு இதைச் சேர்த்துவிட்டார்களாம். நூறு வருஷத்துக்கு மேல் அந்தச் சொந்தம் அப்படியே நின்றது. ரத்தத்தைச் சோதித்தபோதுதான் இது வேறு வீட்டுப் பிள்ளை, ஈப்பிடிப்பான்களின் வம்சம் என்று தெரிந்ததாம்.

"இருட்டுக் காட்டுல தரையில பிழைக்கிற எதுக்கும் கால் நீளும், இறக்கை குறுகும். ஒரே மாதிரி இடத்துல இருந்தா ஒரே மாதிரி ஆயிரும்மா. அதை வெச்சுச் சொந்தம் சொல்லக் கூடாது" என்றாள்.

அப்படியானால் எதை வைத்துச் சொல்வது என்று கேட்டேன்.

"பிழைப்புக்கு உதவாத சின்னச் சின்ன விஷயம் இருக்கும் பாரு, அதை வெச்சு. அதால நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. யாரும் கண்டுக்க மாட்டாங்க. அதனாலயே மாறாம வந்துக்கிட்டிருக்கும். ரத்தத்துக்குள்ள நாங்க தேடுறதும் அதைத்தான்."

தை 18, வெள்ளி

சஷ்டிக் கவசப் பாராயணம் முடித்து, கேரட் விதைக்குச் சொல்லி அனுப்பினேன். எரிவாயு உருளை மாற்றியாயிற்று.

சாயங்காலம் மயிலு இரண்டு படம் காட்டினாள். ஒன்று நம் மலைக் குருவி. இன்னொன்று பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், நீலகிரியில் இருக்கிறது. அதற்கு அடிவயிறு செங்கல் நிறம். பார்த்தால் யாரும் சொந்தம் என்று சொல்ல மாட்டார்கள். அது நம்முடையதற்கு உடன்பிறப்பு மாதிரியாம். மலையில் பிழைக்கிற குருவி சூடான கணவாயில் இறங்காது. அதனால் பல லட்சம் வருஷமாக இது இங்கே, அது அங்கே. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாததால் அந்தப் படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தேன்போல.

"இப்படியே பின்னாடி போனா எல்லாக் குருவிக்கும் ஒரே குலதெய்வம்தானே?" என்றேன்.

"ஆமா. இன்னும் போனா நமக்கும் அதுக்கும்கூட ஒண்ணுதான்."

"அப்ப உலகத்துல எல்லாரும் பங்காளி. யாரும் யாரையும் கட்ட முடியாது."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. படத்தை மூடி வைத்துவிட்டு, "எங்க நிறுத்தணும்னு ஒரு கணக்கு இருக்கும்ல" என்றாள்.

தை 22, செவ்வாய்

ஜீப் வந்தது. ஜீப் போனது. இன்றைக்கு வலை விரிக்கவில்லை, தூறல். ஆனாலும் ஜீப் வந்தது.

தை 29, செவ்வாய். பூசம்.

விரதம். பூம்பாறைக் கோயிலில் கூட்டம் சொல்லி மாளாது. பால்குடம் எடுத்தவர்களுக்கு மோர் ஊற்றும் வேலை எனக்கு.

வந்ததும் மயிலுவும் நானும் பூண்டு தரம் பிரிக்க உட்கார்ந்தோம். பெரிய பல் ஒரு கூடை, சின்னது ஒரு கூடை. பாதியில் கையை நிறுத்தாமலே சொன்னாள். கதிரேசனைக் கட்டிக்கொள்ள ஆசை. ஒரு வருஷமாக.

என்னைச் சுற்றி எல்லாம் அப்படியே இருந்தது. கூடை, முறம், வெயில். செங்கோடன் மூத்தார் இவருக்குப் பங்காளி. ஒரே கருப்பசாமி, ஒரே படைப்பு. பங்காளி மகன் என்றால் அவளுக்கு அண்ணன் முறை. ஊரில் இதை வாயால் சொல்லவே கூசுவார்கள்.

"தெரியும்மா. அதனாலதான் ஒரு வருஷமா சொல்லல" என்றாள். "நான் அவரைச் சின்ன வயசுல பார்த்ததே இல்ல. முதல்ல பார்த்தது கொடைக்கானல்ல பறவைக் கணக்கெடுப்புல. பேரு கேட்டுப் பேசி ஒரு வாரம் கழிச்சுத்தான் எந்த வீடுன்னு தெரிஞ்சுது. நாங்க ஓடிப் போக மாட்டோம். நீங்க ரெண்டு வீடும் வேணாம்னா இல்லைதான். ஆனா அண்ணன்னு மட்டும் கூப்பிடச் சொல்லாத."

அப்புறமும் பூண்டு பிரித்தோம். எழுந்து பார்த்தால் நான் பெரியது சின்னது எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டிருந்தேன்.

வரவு எழுதத் தோன்றவில்லை. இருந்தாலும்: என்னிடம் முதலில் சொன்னாள்.

மாசி 3, சனி

இவரிடம் சொன்னேன். கத்துவார் என்று பயந்திருந்தேன்; கத்தவில்லை. மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விரல் விட்டு எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். ரெண்டு வீட்டுக்கும் சாமி கானல் கருப்பு. ரெண்டு வீடும் மாசிச் சிவராத்திரிக்குப் படைக்கிறோம். ரெண்டு பேரும் உச்சிவெயிலில்தான் படையல் போடுகிறோம். சாமிக்குக் கம்பளி சாத்துகிறோம். சோலை இலையில்தான் பொங்கல் வைக்கிறோம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"எங்கப்பா செத்தப்ப அண்ணன் மொட்டை போட்டு நின்னாரு. அவங்கப்பா செத்தப்ப நான் போட்டேன். அதை என்னன்னு சொல்லுவா உம் மக?"

அதோடு எழுந்து போனார். அவர் பேசியதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. மகளை நினைத்து மட்டும் வந்த பயமாகவும் தெரியவில்லை.

மாசி 9, வெள்ளி

பாப்பாத்தி அக்கா, கதிரேசனுடைய அம்மா, கொல்லை வழியாக வந்தார். அவர் வீட்டிலும் பையன் சொல்லிவிட்டான். ஊர்க்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று கையில் ஒரு கட்டுக் கீரையோடு வந்திருந்தார். நம் தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்கு அதே கீரை.

அவருக்கு மயிலுவைப் பிடிக்கும். அதுதான் அவருக்குக் கஷ்டம். ரொம்ப நேரம் மூக்கைச் சிந்திவிட்டு மயிலுவைக் கூப்பிட்டார்.

"ஏண்டி, குருவிக்குக் குத்துற அந்த ஊசிய எங்க வீட்டு ஆம்பளைக்கும் உங்கப்பனுக்கும் ஒவ்வொண்ணு குத்திப் பாரேன். பங்காளியா இல்லையான்னு அதுவே சொல்லிரும்ல?"

"பெரியம்மா, அந்தப் பெட்டியில குருவி ரத்தம்தான் போகும்" என்றாள் மயிலு. அப்புறம் மெதுவாக, "ரத்தம் இல்லைன்னு சொன்னாலும் அப்பா கேக்க மாட்டாரு. நம்ம ஊருல பங்காளிங்கிறது ரத்தம் இல்ல, மண்ணு" என்றாள்.

அது நிஜம்தான். ஊரை விட்டுப் போகிறவர்கள் குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துப் போய், போன இடத்தில் அந்த மண்ணை வைத்துக் கல்லை நடுவார்கள். ஒரே இடத்து மண் என்றால் பங்காளி. கானல் கருப்புக்கு எங்கேயிருந்து மண் வந்தது என்று கேட்டேன். "பெரியகுளத்துப் பக்கம்னு உங்க வீட்டுல சொல்லுவாங்க" என்றார் அக்கா. உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டதற்கு யோசித்தார். யாரும் எதுவும் சொன்னதில்லையாம்.

மாசி 15, வியாழன்

நேற்றுச் சிவராத்திரிப் படைப்பு. கண் எரிகிறது, ஆனாலும் இதை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

கோயிலில் நான் சாமியைப் பார்த்ததைவிட மற்றதை அதிகம் பார்த்தேன். கருப்பு மன்னிக்க வேண்டும். இவர் விரல் விட்டு எண்ணினாரே, அவை ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். கம்பளி: போகிற வழியில் வேளாங்கண்ணி மாதா கெபியிலும் மாதாவுக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள். உச்சிவெயில்: காலையில் போட்டால் பொங்கல் உறைந்துவிடும், இந்த மலையில் எந்தச் சாமிக்கும் உச்சியில்தான். சோலை இலை: இந்தக் குளிரில் வாழை வராது, வேறு எதில் வைப்பது? எல்லாம் நெட்டைக் கால். எல்லாம் குட்டை இறக்கை.

அப்புறம் உதவாத விஷயங்களைத் தேடினேன். எங்கள் வீட்டில் சுரைக்காய் தொட மாட்டோம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பழனியில் ஒரு கல்யாணத்தில் பாப்பாத்தி அக்கா வீட்டார் எல்லோருமே சுரைக்காய்க் கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நாக்கை அடக்காதவர்கள் என்று அன்றைக்கு மனசுக்குள் நினைத்தேன். சுரைக்காய் இந்த மலையில் விளையாததால் யாருக்கும் தட்டுப்படவே இல்லை.

படையல் முடிந்தது. இவரும் மூத்தாரும் எப்போதும்போல் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கடைசிப் பிடிச் சோற்றை எடுத்து வீசினார்கள். இவர் தெற்கே வீசினார். மூத்தார் வடக்கே வீசினார். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இதைப் பார்க்கிறேன். அண்ணன் தம்பி திசையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டு மண் வந்த பெரியகுளம் தெற்கே இருக்கிறது.

மாசி 16, வெள்ளி

மயிலுவிடம் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு, "இது சந்தேகம்தான்மா. இன்னும் ஆதாரம் இல்ல" என்றாள். என் மகள்தான்.

மாசி 20, செவ்வாய்

இவரிடம் சொன்னதில் இரண்டு நாள் பேச்சு நின்றுபோனது. இன்றைக்கு மூத்தாரே வந்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

மூத்தார் முன்னால் தம்பி மனைவி நிற்கவோ பேசவோ கூடாது. எங்கள் பக்கத்து முறை. அவருக்குத் தேநீர் என்றால் நான் போட்டு இவர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் குரல் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கும் கதவுக்குப் பின்னாலிருந்துதான் கேட்டேன்.

"உன் வீட்டுல சோத்துப் பிடிய வெச்சு என்னை அத்துவிடப் பாக்குறாங்களாமே தவசி" என்றார்.

இவர் ஏதோ சமாதானம் சொன்னார்.

"பிள்ளைக ஆசை எனக்கும் புரியுது. ஆனா நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆனா யாரு நிப்பா? எனக்குக் கூடப் பொறந்தது இல்ல. நீதான். எங்கப்பனுக்கு நீ போட்ட மொட்டை பொய்யா?"

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். மகளுக்காக ஆசைப்பட்டு இரண்டு மனிதர்களின் நடுவில் கை வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. உண்மை என்றால் இவர் ஓர் அண்ணனை இழப்பார். பொய் என்றால் மயிலு கதிரேசனை இழப்பாள். முருகா, எனக்கு இன்னதுதான் வேண்டும் என்று கேட்க மாட்டேன். எது உண்மையோ அதைக் காட்டு.

வரவு: அவர் வாசல் வரை வந்தாரே.

பங்குனி 2, ஞாயிறு

பாப்பாத்தி அக்கா திரும்பவும் கொல்லை வழியாக வந்தார், இந்தத் தடவை கீரை இல்லாமல். மூத்தார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். நேற்று அவராகவே ஒன்று சொன்னாராம்.

அவர் அப்பா உருளைக்கிழங்கு மூட்டையோடு உடுமலைச் சந்தைக்குப் போகும்போது சின்னப் பையனான மூத்தாரையும் கூட்டிப் போவாராம். உடுமலைக்கு முன்னால் ஒரு பிரிவில் லாரியை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரத்தில் ஒரு கற்பூரம் ஏற்றுவாராம். எதற்கு என்று கேட்டால், "எங்கப்பன் ஏத்துனான்" என்று மட்டும் சொல்வாராம். பிரிவில் கோயிலும் கிடையாது, கல்லும் கிடையாது. ஒரு மண்பாதை உள்ளே போகும். அவ்வளவுதான்.

உடுமலை எங்களுக்கு வடக்கே.

"அவரா எதுக்குக்கா இதைச் சொன்னாரு? மறைச்சிருக்கலாமே" என்றேன்.

"மறைச்சா அந்தப் பொண்ணு மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னாரு" என்றார் அக்கா.

பங்குனி 9, ஞாயிறு

கதிரேசன் அந்த மண்பாதையில் போய் விசாரித்துவிட்டு வந்தான். உள்ளே ஆலமரத்தடியில் ஒரு கருப்பு. அந்தக் கோயில் பெரியவர் ஒருவர், நாலு தலைமுறைக்கு முன்னால் நஞ்சப்பன் என்கிறவர் கூடப் பிறந்தவர்களோடு மனத்தாங்கலாகி, பிடிமண்ணை மடியில் கட்டிக்கொண்டு மலை ஏறினார் என்று சொல்லியிருக்கிறார். எந்த மலை, எந்த ஊர், அவருக்குத் தெரியவில்லை.

மூத்தாருடைய பாட்டனுக்கு அப்பா பேர் நஞ்சப்பன்.

பங்குனி உத்திரத்துக்கு அங்கே பொங்கல். வரச் சொல்லியிருக்கிறார்கள். மூத்தார், "தவசி வந்தா போவேன்" என்றிருக்கிறார். இவர் சட்டைப் பித்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிவிட்டு, சரி என்றார்.

மயிலு வரவில்லை என்றாள். அவளைப் பார்த்து யாரும் முடிவு எடுக்க வேண்டாமாம்.

பங்குனி 29, சனி

நேற்று உத்திரம். ஜீப்பில் போனோம், ஆண்கள் முன்னால், அக்காவும் நானும் பின்னால். பழனி இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். வெயில் அடித்தது. மலைக் குருவி இங்கே இறங்காது என்று மயிலு சொன்னது ஞாபகம் வந்தது.

பிரிவில் மூத்தார் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கற்பூரம் வைத்தார். காற்றில் குச்சி அணைந்துகொண்டே இருந்ததால் இவர் தீப்பெட்டியை வாங்கி ஏற்றிக் கொடுத்தார். வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டது பூச்சி மருந்தைப் பற்றித்தான்.

ஆலமரத்தடியில் நல்ல கூட்டம். எங்களை யார் என்று யாரும் கேட்கவில்லை. நிழலில் இடம் கொடுத்தார்கள். பந்தியில் அக்காவின் இலைக்கும் என் இலைக்கும் சுரைக்காய்ப் பொரியல் வந்தது. நான் கையால் இலையை மறைத்தேன். அக்கா சாப்பிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்கலாமா அழலாமா என்று தெரியவில்லை.

பூசை முடிந்ததும் பூசாரி வாழையிலைகளைப் போட்டுப் பொங்கலும் கறியும் பங்கு வைத்தார். ஒவ்வொரு வகையறாவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பெரிய வீட்டுப் பங்கு. ஒருவர் வந்து வாங்கினார். கிணற்றுக்காட்டுப் பங்கு. ஒரு பொடியன் ஓடி வந்தான். கடைசியாக ஓர் இலை, கூட்டத்தை விட்டுத் தள்ளி, மலை தெரிகிற பக்கம் வைத்திருந்தது. பூசாரி மலையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மலைக்குப் போனவுங்க பங்கு."

யாரும் போகவில்லை. அவர் காத்திருந்தார். மறுபடியும் கூப்பிட்டார். என் பக்கத்தில் இருந்த அம்மாள், "எங்க மாமனாரு காலத்துலயும் கூப்பிடுவாங்க. ஒருத்தரும் வந்ததில்ல. மூணு தடவ கூப்பிட்டுட்டுக் காக்காய்க்கு வெச்சிருவோம். பங்கு மட்டும் நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு" என்றார், சாதாரணமாக.

மூத்தார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கால் நகரவில்லை. நகர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூசாரி மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தார்.

இவர்தான் அவர் முதுகில் கை வைத்தார்.

"போங்கண்ணே. எத்தனை வருஷமா உங்க சோத்தைக் காக்கா திங்குது."

மூத்தார் போனார். நஞ்சப்பன் கொள்ளுப்பேரன் என்று சொன்னது கூட்டத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னார். அதன் பிறகு அங்கே நடந்ததை எனக்குச் சரியாக எழுதத் தெரியாது. ஆட்கள் எழுந்து வந்தார்கள். யாரோ அவர் கையைப் பிடித்து, காது மடலைப் பார்த்து, எங்கள் பெரியப்பா காது என்றார். அண்ணன் என்று ஒருவர், சித்தப்பா என்று ஒருவர், தாத்தா என்று இடுப்பு உயரத்தில் ஒன்று. கூடப் பிறந்தது இல்லை என்று எங்கள் வாசலில் நின்று சொன்ன மனிதர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூத்தார் வாழையிலையைத் தட்டில் எடுத்துக்கொண்டு நேராக இவரிடம்தான் வந்தார்.

"அப்ப எங்கப்பனுக்கு நீ போட்ட மொட்டை?"

"அது உங்கப்பாவுக்குப் போட்டதுண்ணே. முறைக்குப் போட்டதில்ல" என்றார் இவர்.

ஒரே இலையில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. மயிலு கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் ஒன்றும் சொல்வதற்குள் இவர், "உம் பெரியப்பாவுக்கு வெந்நி வை" என்றார். உடனே நிறுத்திக்கொண்டு, "மாமாவுக்கு" என்றார். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

வரவு எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை.

சித்திரை 6, சனி

கிழக்குச் சுவர் வெள்ளையடித்தாயிற்று. பூண்டு நன்றாகக் காய்ந்திருக்கிறது. மயிலு குருவி ரத்தம் எடுத்து வைத்த சின்னக் குழாய்களையெல்லாம் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டாள்; முடிவு வர மாதக்கணக்காகுமாம். அவசரமில்லை என்கிறாள்.

இன்று நல்ல நாள். பாப்பாத்தி அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கதிரேசனும் தாம்பாளத்தில் வெற்றிலை, தேங்காய், மல்லிகையோடு வந்தார்கள். இந்தத் தடவை முன் வாசல் வழியாக. கூப்பிடும் முறையெல்லாம் தலைகீழாகிவிட்டதால் ஆளாளுக்குத் தடுமாற்றம். இவர் "வாங்கண்ணே" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீ அண்ணன்னே கூப்பிடு தவசி. கல்யாணத்தன்னைக்கு மட்டும் சபைக்காக மச்சான்னு ஒரு தடவ சொல்லு" என்றார் அவர்.

பெண்ணின் அம்மாவுக்குச் சம்பந்தி, அண்ணன் முறை. எனக்கு அது புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. தேநீர் போட்டு, இவரைக் காணாமல், கிளாஸோடு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"தங்கச்சி" என்று குரல் வந்தது. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "தங்கச்சி, கதவை எதுக்குக் காவல் காக்கிற? கொண்டா."

வெளியே வந்து நேராக அவர் கையில் கொடுத்தேன். முகத்தைக் கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. ஏதாவது பேச வேண்டும். இத்தனை வருஷமாக இவர் வழியாகச் சொல்லி அனுப்பியவை, சொல்லாமல் விட்டவை எவ்வளவோ இருக்க, ஒன்றுமே வாயில் வரவில்லை. கடைசியில், "சர்க்கரை போதுமா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். கிளாஸுக்குள் பார்த்தார்.

"ஆதியிலிருந்தே ஜாஸ்திதான்மா" என்றார். "யாருகிட்ட வந்து சொல்றது?"

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். உள்ளே மயிலுவும் கதிரேசனும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கிளாஸை வாங்கிக்கொண்டு போய், பாதிச் சர்க்கரையில் புதிதாகப் போட்டு, சூடு ஆறாமல் கொண்டுவந்து கொடுத்தேன். முழுசும் குடிக்கிற வரை எதிரிலேயே நின்றேன்.